திங்கட்கிழமை பாட்டில்கள்

பயிற்சியின் முதல் நாள் காலை அவர் மூன்றாவது மாடி வகுப்பறைக்குள் நுழைந்தபோது, நாங்கள் பத்தொன்பது பேரும் சடாரென்று எழுந்து நின்றோம். பின்வரிசையில் ஒருவன் "குட் மார்னிங் மேடம்" என்று பள்ளிக்கூட ராகத்தில் இழுத்தே விட்டான். அவர் வாசலிலேயே நின்று, பெரிய அதிகாரி யாரோ வருகிறார் போலிருக்கிறது என்று முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"ஐயோ, உக்காருங்க. நானும் உங்கள மாதிரிதான். பயிற்சிக்கு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு, காலியாக இருந்த ஒரே நாற்காலியில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருக்கு நாற்பத்து மூன்று.

எங்களை எடுத்திருந்தது இருமல் மருந்து, சத்து மருந்து இதையெல்லாம் பாட்டிலில் அடைத்து அனுப்பும் தொழிற்சாலை. வருடா வருடம் கல்லூரி முடித்த இருபது பேரைச் சேர்ப்பார்கள். பட்டம் கையில் இருந்தால் போதாது, தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆறு மாதம் மேற்பயிற்சி. காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் இயந்திரங்களுக்கு நடுவே. தேறினால் அதிகாரி வேலை. தேறாவிட்டால் வந்த வழியே போகலாம்.

ஆனால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அதே தொழிற்சாலையின் லேபிள் ஒட்டும் பிரிவில் பதினேழு வருடமாக நின்றவர் அவர். காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் 'லேபிள் அக்கா'. பள்ளி முடித்த கையோடு கல்யாணம், பிறகு குழந்தை, பிறகு இந்த வேலை. முப்பத்தேழு வயதில் திடீரென்று மாலைக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தார். காலை ஷிப்ட் முடிந்ததும் சீருடையைப் பையில் சுருட்டிக்கொண்டு ஓடுவாராம். மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்தில் முடித்தார். மகளும் பள்ளியில் மேல் வகுப்புக்கு வந்துவிட்டதால் இரண்டு பேருக்கும் ஒரே மேசை, ஒரே ரப்பர், ஒரே சண்டை. "ரெண்டு பேருக்கும் பரீட்சைன்னா அடுப்படி என் தலையில வந்து விழுது" என்பார் பஸ் ஓட்டுநரான அவர் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே வெங்காயத்தை நறுக்குவார்.

பயிற்சிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு உணவுக்கூடத்துச் சுவரில்தான் ஒட்டியிருந்தது. அக்கா அதை நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு, ஐந்தாம் நாள் விண்ணப்பத்தோடு ஆளெடுக்கும் அதிகாரியின் மேசை முன்னால் போய் நின்றார்.

"என்னம்மா, பொண்ணுக்கா?"

"எனக்குதான் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இது புதுசா காலேஜ் முடிச்சவங்களுக்கும்மா."

"நானும் புதுசாத்தான் சார் முடிச்சேன். மூணு மாசம்தான் ஆகுது."

"அதில்லம்மா, வயசு..."

"வயசு பத்தி நோட்டீஸ்ல ஒண்ணும் போடலையே சார். நாலு நாளா படிச்சுப் பாத்துட்டேன்."

அதிகாரி அறிவிப்பின் நகலை எடுத்து வரிவரியாகத் தேடினார். உண்மையிலேயே போடவில்லை. அக்கா நுழைவுத் தேர்வு எழுதினார், நேர்காணலில் வேதியியல் கேள்விகளுக்குப் பதில் சொன்னார், பட்டியலில் பதினெட்டாவது பெயராக வந்தார். ஒரே நிபந்தனை: பயிற்சியில் தேறாவிட்டால் மறுபேச்சு பேசாமல் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

முதல் மாதத்தில் அவருக்கு எதிரியாக வாய்த்தது கம்ப்யூட்டர். கட்டம் கட்டமாக விரியும் கணக்குத்தாளைத் திறந்தாலே அக்காவின் தோள்கள் காது வரை ஏறிவிடும். மௌஸை நழுவப் பார்க்கும் மீனைப் போல அழுத்திப் பிடிப்பார். அடுத்து வந்த தலைவலி, எழுந்து நின்று பேசுவது. அலுவலகங்களில் நாலு பேர் முன்னால் விளக்கிச் சொல்லத் தெரியாவிட்டால் செய்த வேலை செய்யாததற்குச் சமம் என்பாள் எங்கள் பயிற்சியாளர். பயிற்சியாளருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. அக்கா முதல் முறை பேசி முடித்ததும் அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, லீவு கேக்கற மாதிரி பேசறீங்க. நீங்க யார்கிட்டயும் எதையும் கேக்கல. சொல்றீங்க. நிமிந்து நின்னு சொல்லுங்க."

வகுப்பு சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

முதல் கணினித் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று எடுத்தார். தேற ஐம்பது வேண்டும். மறுதேர்விலும் விட்டால் பயிற்சியிலிருந்து விலக்கப்படுவீர்கள் என்று கடிதம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே அவர் வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் எனக்குக் கைவந்த ஒரே விஷயம் அந்தக் கணக்குத்தாள்தான்.

மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் புகழ்பெற்ற அந்த ஒற்றை மேசை. மகளின் பழைய கம்ப்யூட்டர் அதில் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா நான் சொன்ன ஒவ்வொரு அடியையும் நோட்டில் எண் போட்டு எழுதினார். 'ஒன்று: மேலே இடது மூலை. இரண்டு: அமுக்கு.'

"எழுதி வெச்சா வராதும்மா. கை பழகணும்" என்றாள் மகள்.

"உன் வயசுல கை பழகும். என் வயசுல நோட்டுதான் பழகும்."

மூன்றாவது ஞாயிறு, ஒரு மணி நேரம் போட்ட அட்டவணை ஒரு தப்பான விசையில் மொத்தமாகக் காணாமல் போனது. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "போதும்டா சாமி. நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு என் எடத்துக்கே போயிடறேன். அங்க எனக்கு ஒரு மரியாதையாவது இருந்துச்சு."

அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"நான் பஸ்ஸ எடுத்த முதல் மாசம், ரிவர்ஸ் போனா சுவரு, ரிவர்ஸ் போனா சுவருன்னு இடிச்சுட்டே இருந்தேன். டிப்போவுல ஒரு மூலைக்கு என் பேரையே வெச்சுட்டாங்க. தெரியுமா?"

"இத்தன வருஷத்துல சொன்னதே இல்லையே!"

"பெருமையா சொல்ற விஷயமா அது?"

மகள் சிரித்த சிரிப்பில் அக்காவுக்கும் பிடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். மறுதேர்வில் ஐம்பத்திரண்டு. மயிரிழை என்றாலும் தேறியது தேறியதுதான்.

நான்காவது மாதம் ஆளுக்கொரு ஆய்வு கொடுத்தார்கள். தொழிற்சாலையில் தீராமல் கிடக்கும் ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, எட்டு வாரத்தில் காரணம் கண்டுபிடித்து, ஐந்து துறைத் தலைவர்கள் முன்னால் விளக்க வேண்டும். நாங்கள் பெரிய பெரிய தலைப்பாக அள்ளிக்கொண்டோம். அக்கா ஒரே வரி எழுதினார்: 'திங்கட்கிழமை லேபிள்.'

இந்தத் தலைவலி பழையது. சனிக்கிழமை சாயங்காலம் இயந்திரங்கள் நிற்கும், திங்கள் காலை ஓடத் தொடங்கும். முதல் ஒரு மணி நேரத்தில் வரும் பாட்டில்களில் மட்டும் லேபிள் சுருங்கும், ஓரம் தூக்கும், பெட்டிக்குள் கிடந்து மறுநாள் உரிந்துவிடும். லேபிள் இல்லாத மருந்தை யாருக்குக் கொடுப்பது? வாரத்துக்கு முன்னூறு நானூறு பாட்டில்கள் அழிக்கப்பட்டன. கோந்து சரியில்லை என்று மூன்று முறை கோந்துக் கம்பெனியை மாற்றியாயிற்று. உரிவது நிற்கவில்லை.

"இதுக்கு எட்டு வாரம் எதுக்கு? கோந்துதான். ரெண்டு நாள் சும்மா கெடந்து கெட்டுப்போகுது. பதினேழு வருஷமா சொல்லிட்டிருக்கேன். இந்தத் தடவ நிரூபிச்சுக் காட்டறேன்" என்றார் அக்கா.

நிரூபிக்கப் பழைய பிரிவுக்குத்தான் போக வேண்டும். அங்கே மூடி திருகும் இயந்திரத்தில் நின்றவர் அக்காவின் நெருங்கிய தோழி. பதினேழு வருடமும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். நான்கு மாதமாக அவர் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா குறிப்பேட்டோடு போய் நின்றதும் வெடித்துவிட்டார்.

"இங்க இருந்த வரைக்கும் கோந்த மட்டும்தான் குறை சொன்ன. மேல போனதும் எங்க வேலையில குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டியா?"

"குத்தம் இருந்தா அதுல முதல் பங்கு என்னுதுதானே? உரியற லேபிளத் துணியால அமுக்கி அமுக்கி அனுப்பினது யாரு, நானில்லையா?"

தோழி இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் குறிப்பேட்டை வைக்கத் தன் மேசையில் இடம் ஒதுக்கினார்.

வகுப்பில் சொல்லித் தந்தது ஒன்றுதான்: சந்தேகப்படும் பொருளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார், மற்றதைத் தொடாதே. சனிக்கிழமை மிஞ்சிய கோந்தை எடுத்து வைத்து, புதன்கிழமை பாட்டில்களில் ஒட்டினார் அக்கா. கெட்டுப்போன கோந்து என்றால் உரிய வேண்டுமே? ஒன்றுகூட உரியவில்லை. அடுத்த திங்கள், அப்போதுதான் உடைத்த புதுக் கோந்தைப் போட்டார். வழக்கம்போல உரிந்தது. நம்பாமல் இரண்டையும் மறுபடி செய்தார். அதே முடிவு.

எண்களைக் கணக்குத்தாளில் ஏற்றிவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"கோந்து இல்லடி" என்றார் என்னிடம் மெதுவாக. "பதினேழு வருஷமா நாக்கூசாம ஒரு பொய்யச் சொல்லிருக்கேன். நான் சொன்னத நம்பித்தான் மூணு கம்பெனிய மாத்தினாங்க."

"பொய் இல்லக்கா. தெரியாம சொன்னது."

"ஆர்டர் போன கம்பெனிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கையில் இருந்தது மூன்று வாரம். நானாக இருந்தால் தலைப்பை மாற்றிக் கேட்டிருப்பேன். அக்கா அடுத்த திங்கள் காலை ஒரு கட்டு மெல்லிய காகிதத்தோடு வந்தார். லேபிள் ஒட்டுமுன் ஒவ்வொரு பத்தாவது பாட்டிலையும் காகிதத்தில் சுற்றி எடுத்தார். கண்ணுக்கு உலர்ந்து தெரிந்த பாட்டில்கள். காகிதத்தில் ஈரம் பூத்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்த காகிதங்கள் மொரமொரவென்று இருந்தன.

பாட்டில்கள் கழுவப்பட்டதும் ஒரு நீண்ட சூடான கூண்டு வழியே உலர்ந்து வரும். அதன் மீட்டர் எண்பது டிகிரி காட்டினால்தான் ஓட்டத் தொடங்குவார்கள். அக்கா அடுத்த வாரம் கூண்டின் கடைசி முனையில் தனியாக ஒரு வெப்பமானியைக் கட்டினார். மீட்டர் எண்பது காட்டியபோது அங்கே முப்பத்தெட்டு. அது எண்பதுக்கு வர நாற்பத்தைந்து நிமிடம் பிடித்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கணும்" என்றார். "அடுத்த திங்கக்கிழம எரநூறு பாட்டில ஈரம் போகத் தொடச்சு ஒட்டணும். அது உரியலன்னா முடிஞ்சுது. ஆனா லைன் ஓடற வேகத்துக்கு எனக்கு ரெண்டு கை பத்தாது."

அந்தத் திங்கள் நான் துணியோடு ஓடி வந்தபோது, தோழி ஏற்கெனவே கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "என்ன வேடிக்க பாக்கற, தொட" என்று என்னை அதட்டினார். மூன்று பேரும் கை ஓயத் துடைத்தோம். மறுநாள் பெட்டிகளைத் திறந்தோம். துடைத்த இருநூறும் அச்சடித்தது போல ஒட்டியிருந்தன. துடைக்காமல் விட்டதில் முன்னூறு உரிந்து கிடந்தன. தோழி அக்காவின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். இத்தனை மாதம் பேசாமல் இருந்ததெல்லாம் அந்த ஓர் அறையில் தீர்ந்தது.

விளக்க நாள் வந்தது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து துறைத் தலைவர்களும் நடுவில் மேலாளரும். அக்காவுக்கு முன்னால் பேசிய இரண்டு பேர் கேள்வி வந்ததும் திணறிவிட்டார்கள். அக்கா எழுந்தார். முதல் வாக்கியம் இதுதான்:

"பதினேழு வருஷமா இந்த லேபிள் உரியறதுக்குக் கோந்துதான் காரணம்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். நான் சொன்னது தப்பு. தப்புன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு இப்ப காட்டறேன்."

அக்கா அட்டவணைகளை ஒவ்வொன்றாகத் திரையில் விரித்தார். மௌஸ் வழுக்கவில்லை. பழைய கோந்து, புதுக் கோந்து, ஈரக் காகிதம், துடைத்த பாட்டில். கடைசியில் உலர்த்தும் கூண்டு.

இயந்திரப் பராமரிப்புத் தலைவர் குறுக்கிட்டார். அந்தக் கூண்டு அவர் பொறுப்பு. குரலில் சூடு ஏறியிருந்தது. "மீட்டர் எண்பது காட்டுது. மாசாமாசம் சரிபார்க்கறோம். மீட்டர் பொய் சொல்லுதுங்கறீங்களா?"

பயிற்சியாளர் அறையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை நாற்காலிப் பிடியை இறுக்குவதைப் பார்த்தேன்.

"மீட்டர் பொய் சொல்லல சார்" என்றார் அக்கா, நிமிர்ந்து. "அது நிக்கிற எடத்துல எண்பதுதான். ஹீட்டர் வாயிலேயே நிக்குது. பாட்டில் வெளிய வர்ற எடத்துல அது நிக்கல."

மேலாளர்தான் முதலில் சிரித்தார். பிறகு பராமரிப்புத் தலைவரே தாடையைத் தடவிக்கொண்டு, "சரி, என்ன செய்யணும்கறீங்க?" என்றார்.

"திங்கக்கிழம முக்கால் மணி நேரம் முன்னாடி கூண்ட ஓட விடணும். இன்னொரு மீட்டர் கடைசி முனையில வெக்கணும். அவ்வளவுதான் சார்."

அடுத்த திங்கள் காலை கோட்டு மாட்டிய ஐந்து தலைவர்களும் கழுவும் இயந்திரத்தின் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். கூண்டு முன்னதாகவே சுடத் தொடங்கியிருந்தது. முதல் பாட்டில் வந்ததும் பராமரிப்புத் தலைவர் தாமே காகிதத்தைச் சுற்றிப் பார்த்தார். மொரமொரப்பு. செவ்வாய்க்கிழமை, முந்தின நாளின் முதல் மணி நேரப் பெட்டிகள் எல்லாவற்றையும் உணவுக்கூடத்து மேசைகளில் பரப்பித் திறந்தார்கள். எண்ணூற்று நாற்பது பாட்டில். பிரிவே கூடி நின்று பார்த்தது. தோழிதான் கடைசிப் பாட்டிலை எடுத்து, நகத்தால் லேபிளின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"ஒண்ணுகூட இல்ல!"

அப்புறம் எழுந்த கைதட்டல் வாசல் காவலாளிக்குக்கூடக் கேட்டதாம். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யார் யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆளெடுக்கும் அதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அடுத்த வருஷ நோட்டீஸ்லயும் வயசு போட மாட்டேம்மா" என்றார்.

மொத்த மதிப்பெண்ணில் அக்கா பதினொன்றாவது. கணினி கீழே இழுத்துவிட்டது. ஆய்வில் மட்டும் முதலிடம், இரண்டாமவரைவிட வெகுதூரம் மேலே. நானும் தேறினேன், பத்தொன்பதாவதாக. அதை இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை. பட்டியல் ஒட்டிய மதியம் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். பஸ் ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் மூன்று முறை அடித்தார். நிறுத்தத்தில் திருப்பிக் கூப்பிட்டவர் விஷயத்தைக் கேட்டதும் பஸ்ஸில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாராம். முன்பின் தெரியாத நாற்பது பேரின் கூச்சல் போனில் எனக்கே கேட்டது.

தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக லேபிள் பிரிவுக்கே அவரைப் போட்டார்கள். இரண்டாவது வாரம், ஓட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், லேபிளில் அச்சாகும் காலாவதித் தேதியில் ஓர் எண் மங்கிப் படிக்க முடியாமல் இருப்பதைப் பார்த்தார். பதினேழு வருடத்தில் ஒரு முறைகூட அவர் தொட்டிராத சிவப்புப் பொத்தானை அமுக்கினார். எல்லாம் நின்றது.

ஷிப்ட் மேற்பார்வையாளர் கோபமாக வந்தார். பழைய நாட்களில் அக்கா அவரிடம்தான் விடுப்புக் கேட்டு நிற்பார். "யாரு நிறுத்தினது?"

"நான்தான் சார். காரணம் எழுதி வெச்சிருக்கேன், பாருங்க."

அவர் தாளை வாங்கினார். படித்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, அக்காவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "அச்சு ஆளக் கூப்பிடுங்க மேடம்" என்றார்.